குரும்பையைப் பிடித்து நிறுத்துவது எது?

ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. சாளைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத் தோப்புக்கார அண்ணன் தன் துண்டை அவிழ்த்துத் திண்ணையில் கொட்டினார். அத்தனையும் குரும்பை. கோலிக்குண்டு அளவில் சில, எலுமிச்சங்காய் அளவில் சில, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக நாலைந்து. எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று இருந்தன.

“ஒரே மரத்தடியில பொறுக்குனதுங்க தம்பி. ஹார்மோன் அடிச்சா நின்னுக்கும்னு மருந்துக் கடையில சொல்றாங்க. அடிக்கலாமுங்களா?”

ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி அவர் மரமேறிக்குக் கூலி கொடுப்பார், மருந்து வாங்குவார், அடுத்த வருஷக் காய்ப்புக்கு ஆசையோடு காத்திருப்பார். அதனால் டீ ஆறினாலும் சரியென்று முதலிலிருந்தே பேச ஆரம்பித்தோம். அந்தப் பேச்சு அவருக்கு மட்டும் ஆனதில்லை. காய்க்கும் மரம் ஒன்றாவது வைத்திருக்கும் எல்லோருக்கும் அது வேண்டும்.

உரம் வேறு, ஹார்மோன் வேறு என்பதிலிருந்து தொடங்கினேன். வளர்ந்த தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், 50 கிலோ தொழுவுரம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இதெல்லாம் மரத்துக்குச் சாப்பாடு, கிலோக் கணக்கு. ஹார்மோனின் கணக்கு மில்லிகிராமில் ஓடுகிறது. மரத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குச் சொல்லி அனுப்பும் சேதி அது. இந்தக் காயை வைத்துக்கொள், அந்த இலையை விட்டுவிடு, இங்கே வேர் விடு என்று மரம் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. வாயும் நரம்பும் இல்லாத உயிர் பேசுகிற பாஷை இதுதான்.

அந்தப் பாஷையை மனிதர்கள் தெளிவாக ஒட்டுக்கேட்கத் தொடங்கி ஏறக்குறைய நூறு வருஷம்தான் ஆகிறது. 1920களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஃபிரிட்ஸ் வெண்ட் என்ற இளைஞர் ஓட்ஸ் நாற்றின் முளைநுனியைக் கிள்ளி, அகர் கட்டி ஒன்றின் மேல் கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு நுனியை எறிந்துவிட்டு, அந்த அகர் துண்டை மட்டும் நுனியில்லாத வேறொரு நாற்றின் தலையில் ஓர் ஓரமாக வைத்தார். துண்டு இருந்த பக்கம் வேகமாக வளர, நாற்று மறுபக்கம் வளைந்தது. நுனியிலிருந்து ஏதோ ஒன்று அகருக்குள் இறங்கி, அங்கிருந்து நாற்றுக்குள் போய் வேலை செய்திருக்கிறது. அதற்கு ஆக்சின் என்று பெயர் வைத்தார்கள். அதே காலத்தில், 1926இல், தைவானில் குரோசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர் நெல் நாற்று அளவுக்கு மீறி நெடுநெடுவென்று வளர்ந்து விழும் நோயைப் பார்த்து, ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள்தான் காரணம் என்று காட்டினார். ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் அங்கிருந்து வந்தது.

நம் தென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1941இல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக்கும் அவருடைய கூட்டாளிகளும் ஊமத்தையின் மிக இளம் கருவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கப் பாடுபட்டார்கள். தேங்காய்த் தண்ணீரைச் சேர்த்ததும் கரு வளர்ந்தது. ஏன் வளர்ந்தது என்று தேடிப் போனவர்கள் வழியாகத்தான், செல்லைப் பிரிந்து பெருகச் சொல்லும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் குடும்பத்தைப் பற்றிய அறிவு வளர்ந்தது. அண்ணனுக்கு இதைக் கேட்டு முகம் மலர்ந்தது. “அப்ப எழனிக்குள்ளயே அந்த மருந்து இருக்குதுங்களா?” இருக்கிறது. இயற்கை விவசாயம் செய்பவர்கள் தேங்காய்ப் பாலையும் மோரையும் புளிக்க வைத்துத் தேமோர் கரைசல் தெளிப்பதை அவரும் பார்த்திருக்கிறார்.

சரி, காய் ஏன் உதிர்கிறது?

குரும்பை ஒன்றைக் கையில் எடுத்து, காம்பு விட்டுப்போன இடத்தைக் காட்டினேன். கத்தியால் அறுத்ததுபோல் வழவழவென்று இருந்தது. காற்றடித்து ஒடிந்திருந்தால் நார் நாராகக் கிழிந்திருக்கும். மரம் தானே பார்த்துக் கழற்றிவிட்டிருக்கிறது என்பதற்கு அந்த வழவழப்புதான் சாட்சி. காய் காம்போடு சேரும் இடத்தில் மெல்லிய அடுக்காகச் சில செல்கள் இருக்கின்றன. உதிர்வடுக்கு என்று அதைச் சொல்லலாம். காய்க்குள் விதை உயிரோடு வளர்கிறவரை அங்கிருந்து ஆக்சின் காம்பு வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். ‘நான் இருக்கிறேன்’ என்ற சேதி அது. அந்தச் சேதி வருகிறவரை உதிர்வடுக்கு சும்மா கிடக்கும். சேதி குறைந்துவிட்டால், அங்கே எத்திலீன் என்ற வாயு வேலையைத் தொடங்கும். செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைக்கும் நொதிகள் சுரக்கும். பிடி தளரும், காய் விழும்.

எத்திலீன் நமக்குப் புதிதில்லை. வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அந்தப் புகையில் இருப்பதும் அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குக்கு எரிவாயு கொண்டுபோன குழாய்கள் கசிந்தபோது பக்கத்து மரங்கள் காலமில்லாக் காலத்தில் இலையைக் கொட்டின. அந்த வாயுவில் இருந்த எத்திலீன்தான் வேலையைச் செய்கிறது என்பதை 1901இல் ருஷ்ய மாணவர் நெல்யுபோவ் பட்டாணி நாற்றுகளை வைத்துக் கண்டுபிடித்தார்.

ஆக, ஹார்மோன் அடிப்பது என்றால் என்ன? காய் அனுப்பவேண்டிய ஆக்சின் சேதியை வெளியிலிருந்து நாம் அனுப்புகிறோம். அவ்வளவுதான். தென்னைக்கு அதற்கு ஒரு முறையும் உண்டு. கருவுற்ற குரும்பை ஹார்மோன் குறைவால் உதிர்ந்தால், பாளை வெடித்து ஒரு மாதம் கழித்து என்ஏஏ என்னும் செயற்கை ஆக்சினை 20 பிபிஎம் அளவில், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் என்ற கணக்கில், பூங்கொத்தின் மேல் தெளிக்கலாம் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகக் கையேடு சொல்கிறது.

ஒரு மாதம் என்பதன் காரணத்தை அண்ணன் கேட்டார். நெட்டைத் தென்னையில் பாளை வெடித்ததும் முதலில் ஆண் பூக்கள்தான் விரியும். ஏறக்குறைய மூன்று வாரம் அவை விரிந்து கொட்டி முடித்த பிறகே பெண் பூ மகரந்தத்துக்குத் தயாராகும். அதற்கும் ஒரு வாரம் வேண்டும். தேனீ வேறு மரத்திலிருந்து மகரந்தம் கொண்டுவந்து சேர்க்கும் நேரம் அது. எல்லாம் முடிந்து கரு தங்கிய பிறகு தெளிப்பதற்குத்தான் அந்த ஒரு மாதக் கெடு. முந்தினால் தேனீயின் வேலைக்குள் நாம் போய் நிற்போம். பிந்தினால் உதிரவேண்டியது உதிர்ந்திருக்கும்.

அடுத்து அளவு. கடையில் கிடைக்கும் என்ஏஏ மருந்து பெரும்பாலும் நாலரை சதவீதக் கரைசல். 20 பிபிஎம் வேண்டுமென்றால் பத்து லிட்டர் தண்ணீருக்குச் சுமார் நாலரை மில்லி போதும். ஒரு லிட்டருக்கு அரை மில்லிகூட ஆகாது. அண்ணன் மூடிக் கணக்கில் பேசினார். ஒரு லிட்டர் கைத்தெளிப்பானுக்கு ஒரு மூடி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்ச் ஒன்று சாளையில் இருந்தது. அதில் தண்ணீரை அரை மில்லி இழுத்து அவர் உள்ளங்கையில் விட்டேன். ஏழெட்டுச் சொட்டு விழுந்தது. பிறகு மருந்து மூடியில் தண்ணீரை நிரப்பி இன்னொரு கையில் ஊற்றினேன். இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பத்து மடங்குக்கு மேல போயிருமுங்களே!”

போய்விடும். கூடப் போனால் நஷ்டம் மருந்துக் காசோடு நிற்காது. ஆக்சின் குணம் அளவோடு மாறும். 1939இல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் அறுவடைக்கு முன் ஆப்பிள் உதிர்வதை என்ஏஏ தடுப்பதைக் கண்டார்கள். பின்னாளில் அதே என்ஏஏவைப் பூ முடிந்த சில நாளில் தெளித்து, கொத்தில் கூடுதலாக இருக்கும் பிஞ்சுகளை உதிர்த்துக் கலைப்பதையும் ஆப்பிள் விவசாயிகள் கற்றுக்கொண்டார்கள். ஒரே மருந்துதான். ஒரு நேரத்தில் பிடித்து நிறுத்துகிறது, இன்னொரு நேரத்தில் கீழே தள்ளுகிறது. நேரமும் அளவும் சேர்ந்துதான் சேதியின் பொருளை முடிவு செய்கின்றன.

2,4-டி என்று இன்னொரு செயற்கை ஆக்சின் உண்டு. தென்னைக் குரும்பைக்கு 30 பிபிஎம் அளவில் அதையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஆனால் அதே 2,4-டி அதிக அளவில் பேர்பெற்ற களைக்கொல்லி. காற்றில் கொஞ்சம் பறந்து பக்கத்துத் தக்காளி வயலில் பட்டால்போதும், குருத்திலை விரியாமல் வாரைப்போல் நீண்டு முறுக்கிக்கொள்ளும். பருத்தியும் திராட்சையும் அதைத் தாங்காது. ஐம்பதடி உயரத்தில் தெளிக்கும் மருந்து எங்கே போய் இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? பக்கத்துக் காட்டுக்காரரோடு நாளைக்கும் முகம் பார்த்துப் பேசவேண்டியவர்கள் நாம். அதனால் நான் 2,4-டி பக்கம் போகவேண்டாம் என்றே சொல்வேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, திண்ணையில் கிடந்த முப்பத்தொரு குரும்பைக்கும் வந்தோம். ஒரு பேனாக்கத்தியை வைத்து ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பிபோல் மூடியிருக்கும் செதில்களை நிமிர்த்திப் பார்த்தோம். சிலவற்றில் செதிலுக்கு அடியில் வெளிறிய முக்கோணத் திட்டு. சிலவற்றில் அது பழுப்பேறி, மேல்தோல் நீளவாக்கில் வெடித்திருந்தது. ஈரியோபைட் சிலந்திப்பேனின் கைவரிசை. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பேன் 1998 வாக்கில் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு நம் தோப்புகளுக்குள்ளும் புகுந்தது. செதிலுக்கு அடியில் உட்கார்ந்து இளந்தோலைச் சுரண்டிச் சாறு குடிக்கும். அப்படிப்பட்ட பதினொரு குரும்பையைத் தனியாக ஒதுக்கி வைத்தேன். அவற்றுக்கு ஆக்சின் அடித்து என்ன பயன்? உள்ளே சிலந்தி உட்கார்ந்திருக்கும்போது, விடாதே என்று காம்புக்குச் சொல்லிக்கொண்டிருப்போம். அங்கே வேண்டியது வேம்பு சார்ந்த மருந்தும், வேப்பம் பிண்ணாக்கும், சரியான உரமும்.

அடுத்து, கோலிக்குண்டு அளவிலேயே நின்றுபோன பதினொன்று. திட்டு இல்லை, வெடிப்பு இல்லை. வளரவே தொடங்காமல் விழுந்திருக்கின்றன. மகரந்தம் சேராமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அண்ணனிடம் கேட்டேன். வெள்ளை ஈ வந்ததிலிருந்து பூச்சிமருந்து அடிக்கிறார். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ ஓலைக்கு அடியில் வட்ட வட்டமாக முட்டையிட்டு, கீழே உள்ள ஓலைகளிலெல்லாம் கரும்பூஞ்சை படியவைக்கும். பார்க்கவே மனசு பதறும், மருந்தடிக்கத்தான் தோன்றும். ஆனால் அந்த ஈயைத் தின்று ஒழிக்கும் என்கார்சியா என்ற மிகச் சிறு குளவி தானாகவே தோப்புகளில் பெருகுகிறது. பூச்சிமருந்து அந்தக் குளவியைக் கொல்கிறது, மகரந்தம் சுமக்கும் தேனீயையும் கொல்கிறது. தேனீ வராத பாளைக்கு ஹார்மோனால் கரு கொடுக்க முடியாது.

மீதி ஒன்பது குரும்பை. எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்து, திட்டில்லாமல், பச்சைப் பளபளப்போடு விழுந்தவை. கரு தங்கி, வளரத் தொடங்கி, பிறகு மரம் கைவிட்டவை. ஹார்மோன் என்ற பேச்சுக்கு உரிய குவியல் இதுதான். இங்கேயும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. மரம் ஏன் கைவிட்டது?

இன்று வெடிக்கும் பாளை இன்றைய வேலையல்ல. குருத்துக்குள் அது கருவாகி வெடிக்க ஏறத்தாழ 32 மாதம் ஆகிறது. வெடித்த பிறகு காய் முற்ற இன்னும் 12 மாதம். மொத்தம் 44 மாதம். நடுவில் ஒரு வருஷம் கிணறு வற்றியிருந்தால் அதன் கணக்கு இரண்டு வருஷம் கழித்துப் பாளையில் தெரியும். தண்ணீர் கட்டி நின்ற தோப்பு, சுண்ணாம்பு மிகுந்த மண், பொட்டாஷ் போடாத பாத்தி, போரான் இல்லாமல் குருத்து விரியாமல் மடங்கி நிற்கும் மரம் எல்லாமே குரும்பையை உதிர்க்கும். போரான் குறைக்கு மரத்துக்கு 50 கிராம் வெண்காரம் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டு ஆக்சின் அடித்தால் வயிறு காய்ந்த வீட்டில் இன்னும் நாலு விருந்தாளியை உட்காரவைத்த மாதிரி ஆகும். காய் நிற்கும். ஆனால் பருப்புப் பிடிக்காமல் ஒல்லிக்காயாக இறங்கும்.

ஒரு நல்ல குலையில்கூடப் பெண் பூவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காயாக முற்றும். மற்றது உதிரும். அது நோயல்ல. தாங்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவது மரத்தின் இயல்பு. அதனால் மரத்தடியில் குரும்பை கிடக்கிறது என்பதற்காகவே பயப்பட வேண்டியதில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு ஹார்மோன் எவ்வளவு அழகாக வேலை செய்யும் என்பதற்கும் ஒரு கதை சொன்னேன். கலிஃபோர்னியாவில் வால்நட் தோப்புகள் ஏராளம். அங்கே 1968இல் வெளியிடப்பட்ட ‘செர்’ என்ற ரகத்தில் பெண் பூக்கள் கொத்துக்கொத்தாகக் கொட்டின. பூ உதிர்ந்தால் மகரந்தம் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. சூல்முடியில் மகரந்தம் அளவுக்கு மீறிக் குவிந்ததால்தான் பூ உதிர்ந்தது. மகரந்தம் கூடியதும் பூ எத்திலீனைச் சுரந்து தன்னையே கழற்றிக்கொண்டது. வழி பிறந்தது. மகரந்தத்துக்காக நட்ட மரங்களைக் குறைத்தார்கள். பூக்கும் நேரத்தில் எத்திலீன் உண்டாவதைத் தடுக்கும் ஏவிஜி என்ற பொருளைத் தெளித்தார்கள். காய் நின்றது. காரணம் தெரியாமல் இன்னும் மகரந்தம் தூவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டுக்கும் இதே பாடம்தான். முந்திரிப் பூங்கொத்தில் ஆண் பூவே பெரும்பங்கு. காய் தரும் இருபால் பூ கொஞ்சம்தான். அதிலும் பல பிஞ்சிலேயே விழும். என்ஏஏ அடித்து அதைக் கூட்டலாம் என்று சோதனைகள் நடந்திருக்கின்றன. ஆனால் தேயிலைக் கொசு என்னும் பூச்சி சாறு உறிஞ்சிக் கொத்து முழுக்கக் கருகி நிற்கும்போது முதலில் பார்க்கவேண்டியது கொசுவைத்தான்.

“அப்ப டானிக் கட்டுறதுங்க?” என்றார் அண்ணன். நியாயமான கேள்வி. தென்னையில் மாதம் ஒரு பாளை வெடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் கழித்துத் தெளிப்பதென்றால் மாதாமாதம் மரமேற வேண்டும். கூலியே காயின் விலையைத் தின்றுவிடும். அதனால்தான் வேர் வழியாகக் கொடுக்கும் தென்னை டானிக்கை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. பேரூட்டம், நுண்ணூட்டம், வளர்ச்சி ஊக்கி எல்லாம் கலந்தது. 40 மில்லி டானிக்கோடு 160 மில்லி தண்ணீர் சேர்த்து, மரத்துக்கு 200 மில்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மண்ணைப் பறித்து, பென்சில் கனத்தில் செங்கல் நிறத்தில் இருக்கும் உயிர்வேரைத் தேடி, நுனியைச் சாய்வாக வெட்டி, பைக்குள் விட்டுக் கட்ட வேண்டும். ஒரு நாளில் உறிஞ்சாவிட்டால் வேறு வேர் பார்க்க வேண்டும். கறுத்த வேரில் கட்டிவிட்டுப் போனால் பை அப்படியே தொங்கும். டானிக்கும் பாத்தியில் போடும் உரத்துக்கு மாற்றாகாது, அதோடு சேர்ந்துதான் வேலை செய்யும்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொண்டேன். தோப்பு முழுக்க எதையும் செய்யவேண்டாம். ஒரே வயசு, ஒரே தண்ணீர், ஒரே மண் உள்ள இருபது மரத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்து மரத்துக்குச் செய்யுங்கள், பத்தை அப்படியே விடுங்கள். பாளை வெடித்ததும் பெண் பூவை எண்ணி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே குலையில் நிற்கும் காயை எண்ணுங்கள். இரண்டு பத்துக்கும் உள்ள வித்தியாசம் கூலியையும் மருந்துக் காசையும் தாண்டினால் அடுத்த வருஷம் தோப்பு முழுக்கச் செய்யலாம். தாண்டாவிட்டால் அந்தப் பணம் பொட்டாஷுக்கும் தொழுவுரத்துக்கும் போகட்டும். எந்தக் கடைக்காரர் சொல்வதையும்விட, ஏன், நான் சொல்வதையும்விட, உங்கள் இருபது மரம் சொல்வது உங்கள் மண்ணுக்குப் பொருந்தும்.

டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது. அண்ணன் மூன்று குவியலையும் கலைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிலந்திக் குவியலை எடுத்துத் தீ வைக்கும் குப்பையில் போட்டார். கோலிக்குண்டுக் குவியலைக் கையில் உருட்டியபடி, “தேனிப் பெட்டி வெக்கணுமுங்க” என்றார். ஒன்பது குரும்பையை மட்டும் திண்ணை ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, சாளைக்குள் போய்ச் சுண்ணாம்பு டப்பாவும் மட்டைத் தூரிகையும் எடுத்துக்கொண்டு தோப்புக்குள் இறங்கினார். முதல் மரத்தில் வெள்ளைக் கோடு விழுவது திண்ணையிலிருந்தே தெரிந்தது.